அறுபத்திரண்டு கிராம்

போல்ட்டைத் தராசில் வைக்கிறாள். ஐந்து. எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைக்கிறாள். ஐந்து. தூசி ஒன்றும் பெரிய எடை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊதாமல் இருக்க முடியாது.

கல்லூரிப் பட்டறையில் எல்லோரும் அவளை 'கிராம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசி வருடம். போட்டிக்குப் போகும் ரோபோவின் ஏறும் கை அவள் பொறுப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அலுமினியக் குழாய்கள், நுனியில் கொக்கி, அடியில் கயிறு சுற்றும் உருளை. கை நீண்டு மேலே உள்ள கம்பியைப் பிடிக்கும். கயிறு சுற்றச் சுற்ற ரோபோ தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும். இரண்டேகால் கிலோ இருந்ததை ஓட்டை போட்டுப் போட்டே பாதியாக்கியிருக்கிறாள். "இதுல டீ வடிகட்டலாம்" என்பான் கேப்டன். அவள் சிரிப்பதில்லை. வடிகட்டி என்ன எடை இருக்கும் என்று யோசிப்பது போலத் தெரியும்.

தராசு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. அம்மா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். "ஏண்டி, ரெண்டு மாசமா கேக்குக்குக் கண்ணளவுலதான் மாவு போடுறேன். உங்கப்பா செங்கல்லுங்கிறாரு. எப்பதான் கொண்டு வருவே?"

"வரும்மா, வரும்." போனைத் தோளில் இடுக்கியபடி அடுத்த வாஷரை வைக்கிறாள்.

போன வருடம் ரோபோவின் எடை போட்டி வரம்பைவிட இருநூறு கிராம் கூடிவிட்டது. கழற்றுவதற்குச் சுலபமாக இருந்தது கைதான். போட்டி முடியும்வரை அது அட்டைப் பெட்டியில் கிடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள்.

இந்த வருடம் அரங்கில் முதல் நாள் எடை பார்த்தபோது கூடியிருந்தது அறுபத்திரண்டு கிராம்.

"அந்த நாக்க எடுத்துருவோம்" என்றான் கேப்டன். உருளையின் பல்சக்கரத்தில் விழுந்து, அதைப் பின்னால் சுற்றவிடாமல் பிடிக்கும் இரும்புத் துண்டைச் சொன்னான். சக்கரத்தோடு சேர்த்து எழுபது.

"எடு. நல்லா ஏறும். ஆட்டம் முடிஞ்சு கரண்ட்ட நிறுத்தினதும் சர்ருனு கீழ வந்துரும். பத்து செகண்ட் தொங்கினாத்தான் பாயிண்ட்டு."

"அப்ப கையையே கழட்ட வேண்டியதுதான்."

அவள் ரோபோவின் வயிற்றுக்குள் பார்த்தாள். ஒயர்கள் தாராளமாக வளைந்து கிடந்தன. அவற்றைப் போட்டவன் பக்கத்திலேயே நின்றான். அவனுக்குப் பட்டப்பெயர் கரண்ட்டு மாமா.

"தொட்டே, கெட்ட கோவம் வரும். அறுந்தா திரும்ப இணைக்கணும்ல? அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கேன்."

"அந்த மிச்சத்தத்தான் கேக்கிறேன், மாமா."

"உன் கையில எடுத்துக்கயேன்."

"இனி அதுல எடுக்க ஓட்டைதான் இருக்கு."

அவன் வெட்டுக்குறட்டை மேசையில் எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவள் ஒவ்வொரு ஒயராக வெட்டி, முனை சீவி, மறுபடி முடுக்கினாள். சாயங்காலம் ஆகிவிட்டது. வெட்டிய துண்டுகள் அறுபத்து நான்கு கிராம். அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் காலை எடை தேறியது. இரண்டு கிராம் மிச்சம். முதல் ஆட்டத்தில் ரோபோ கம்பிக்குப் போகும் வழியிலேயே நின்றது. இழுபட்ட ஒயர் ஒன்று முனையில் அறுந்திருந்தது. கரண்ட்டு மாமா குனிந்து பார்த்தான். கையை மட்டும் நீட்டினான். அவள் முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டைக் கொடுத்தாள். இணைப்போடு ஐந்து கிராம் ஏறியது. ஏறும் கையை ரோபோவின் உடம்போடு பிடித்திருந்த நான்கு போல்ட்டில் ஒன்றை அவளே கழற்றினாள்.

"மூணுல நிக்குமா?" என்றான் அவன்.

"தெரியல."

இரண்டாவது ஆட்டத்தில் ஏறியது. கரண்ட் நின்றது. கூட்டம் பத்துவரை எண்ணியது. தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதிலும் ஏறியது, ஆனால் ஆட்டத்தில் தோற்றார்கள். மதியத்துக்குள் பெட்டி கட்டியாயிற்று.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. தராசை மடியில் வைத்திருந்தாள். சட்டைப் பையிலிருந்து, கழற்றிய போல்ட்டை எடுத்து, ஊதி, அதன்மேல் வைத்தாள். பஸ் குலுங்கக் குலுங்க எண் நான்கு, ஏழு, மூன்று என்று ஓடியது. போல்ட்டை அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.