அக்காவின் மடிக்கோல்

எங்கள் வீட்டுக்கு நாய் வந்ததற்கு என் வாய்தான் காரணம். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த திருநெல்வேலி வியாபாரி ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் மாதத்து அரிசிக்குச் சொல்ல அவரிடம் போனேன். கிடங்கின் மூலையில், மூட்டைகளுக்கு நடுவே, ஒரு செவலை நாய் சங்கிலியில் கிடந்தது. காவலுக்கென்று கொண்டுவந்ததாம், ஆனால் குலைக்கவே மாட்டேன் என்கிறதாம். குலைக்க வைக்கிறேன் என்று கிடங்குக் காவல்காரன் கம்பால் அடித்து அடித்து அதை அடியோடு ஊமையாக்கியிருந்தான். கழுத்தைச் சுற்றி ரோமமே இல்லை, சங்கிலி அறுத்த புண் வளையமாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல். இப்படி வைத்திருப்பதற்கு நீரெல்லாம் ஒரு மனிதரா என்று கடையில் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன்.

அவர் நிதானமாக, "அப்பொ நீங்களே கொண்டுட்டுப் போங்க சாமி" என்றார்.

பேசிவிட்டுப் பின்வாங்க முடியுமா? மறுநாள் அரிசி மூட்டையோடு நாயும் மாட்டுவண்டியில் கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. எங்கள் அக்கிரகாரத் தெருவில் அதுவரை யாரும் நாய் வளர்த்ததில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் என் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, அன்றிலிருந்து என் வீட்டை நடத்துகிறவள். அவளுடைய மடி தெரு முழுக்கப் பிரசித்தம். விடியற்காலையில் குளித்துவிட்டால், சமையலும் பூஜையும் முடிந்து அவள் சாப்பிடுகிற வரையில் யாரும் அவள்மேல் படக்கூடாது. உடுத்துகிற புடவையைக்கூட கொல்லையில் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிய மூங்கிலில், மடிக்கோல் என்கிற நீண்ட கம்பால் தூக்கிப் போட்டு உலர்த்துவாள். மறுநாள் அதே கோலால் எடுப்பாள்.

நான் பயந்தபடி அவள் கத்தவில்லை. நாயின் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "கொல்லைல இருக்கட்டும். உள்ள வரப்படாது, என் மேல படப்படாது, கேட்டியா" என்றாள். கேட்டியா என்றது என்னையா நாயையா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா மடிக்கோலைத் தூக்கியதும் நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, விறகுப்புரைக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டது. கம்பென்றால் அதற்கு ஒரே அர்த்தந்தானே.

அந்த வாரமே இன்னொரு வினை வந்தது. ஆற்றங்கரையில் யாரையோ வெறிநாய் கடித்துவிட்டதாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து கழுத்தில் பட்டை இல்லாத நாய்களையெல்லாம், வீட்டு நாயானாலும், பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். அப்படிப் போன நாய் எதுவும் திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை.

அன்றைக்கே தோல்பட்டை வாங்கி வந்தேன். போடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. தோசையைக் காட்டினேன், தயிர்சாதத்தைக் காட்டினேன், குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினேன். கை கழுத்துப் பக்கம் போனதும் பின்வாங்கி ஓடும். வியாழக்கிழமை பொறுமை போய், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தேன். அதுவரை வாயே திறக்காத நாய் வீறிட்டு அலறியது. கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்கு இத்தனை கேவலமாக இருந்திருக்காது. அப்புறம் இரண்டு நாள் சோற்றுப் பக்கமே வரவில்லை.

அடுக்களை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்த அக்கா சொன்னாள்: "எப்பப் பாத்தாலும் கையை நீட்டிண்டே போறாய். அதைத் தொடாம இருக்கறதுக்கும் ஒருத்தர் வேண்டாமோ?"

அவள் தொடாமல்தான் இருந்தாள். இலையில் சோற்றை வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா கோலை உயர்த்திப் புடவையை எடுக்கிறாள், நாய் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறது. காது மட்டும் ஒட்டிக் கிடந்தது, ஆனால் ஓடவில்லை. இத்தனை நாளில் அந்தக் கோல் யார்மேலும் விழாததைப் பார்த்துவிட்டது போலும். அவள் கிணற்றடிக்குப் போனால் அதுவும் நாலு முழம் விட்டுப் போயிற்று, அவள் நின்றால் நின்றது. அத்தனை மடியாக ஒரு நாய் நடந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் தெருமுனையில் கூண்டுவண்டி வந்துவிட்டது. நான் பட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் நாய் விறகுப்புரைக்குள் பாய்ந்தது. பலவந்தமாகப் பிடித்து இழுப்பதா, அல்லது அவர்களே பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று கைகால் ஓடவில்லை. அக்கா குளித்து மடி உடுத்தி, கையில் கோலோடு நின்றிருந்தாள்.

"அதை அங்க வெச்சுட்டுத் தள்ளிப் போ."

பட்டையைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு விலகினேன். அக்கா கோலைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. சக்கரச் சத்தம் அடுத்த வீடு வரை வந்துவிட்டது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நாய் மெல்ல வெளியே வந்தது. நாலு முழத்தில் நின்றது. பிறகு அந்த நாலு முழத்தையும் கடந்து வந்து, அவள் முழங்காலில் மோவாயை வைத்தது.

அக்காவின் மடியில் யாராவது தலை வைத்து நான் பார்த்ததில்லை. அவள் கை சற்று நேரம் அந்தரத்திலேயே நின்று, பிறகு அதன் தலையில் இறங்கியது. பட்டையைப் புண்ணில் படாமல் தளர்த்தி மாட்டி, உள்ளே இரண்டு விரல் போகிறதா என்றும் பார்த்தாள்.

வேலிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்து, பட்டையுண்டோ என்று கேட்டது.

"உண்டு" என்றாள் அக்கா, எழுந்திருக்காமல்.

வண்டி நகர்ந்தது. போன உயிர் திரும்பி வந்து நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மடி போச்சே அக்கா என்றேன். இன்னொரு தரம் குளித்தால் தீர்ந்தது என்றாள்.

குளித்தாள். குளித்து வந்தவளை நாய் வந்து முகர்ந்தது, மறுபடி குளித்தாள். அடுப்பு மூட்ட மணி பத்தாகி, நான் பழையதைச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். சாயங்காலம் கேட்டபோது, நான் போனபின் மூன்றாவது தரமும் குளிக்கவேண்டி வந்ததென்று ஒப்புக்கொண்டாள். அந்தத் தடவை நாய் பேசாமல் தூங்கிக்கொண்டிருந்ததாம், அவளேதான் போய்த் தொட்டாளாம்.