மதினியின் கட்டைவிரல்

எண்பதுகளின் நடுவில் இது நடந்தது. அப்போது நான் சங்கரன்கோவிலில் ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன் என்பதால், கடை வேலை போக மிச்ச நேரத்தில் மைக்ரோபிராசஸர் போர்டு ஒன்றை, அதாவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை, கட்டி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிற வேலைதான். அன்றைக்கு எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசக்கூட எனக்கு ஆள் கிடையாது. அந்த போர்டால் உலகத்துக்கு நடந்த ஒரே நன்மை, ஒரு ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பந்தலில் ஓடும் விளக்கு போட்டதுதான்.

அந்த வருஷம் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஒருநாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் வெகுநாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. கஞ்சியைக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கண் திறந்திருக்கும், ஆனால் ஒரு இமை தொங்கிப்போய், இன்னொன்று தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். "உயிருக்கு ஆபத்தில்லை. அறிவு இருக்கா இல்லையான்னு எங்களால சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆமான்னா கண்ணை மூடுங்க மதினி" என்று நானும் பலமுறை கேட்டுப் பார்த்தேன். துடிக்கிற இமையை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

அம்மாதான் பார்த்துக்கொண்டாள். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம். அண்ணனுக்குத் தறிக்கூடம். வீட்டை ஒட்டியே நாலைந்து விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டில் யாருக்குமே மெதுவாகப் பேசி வழக்கமில்லை. மதினி படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் உரக்கப் பேசினோம். வைத்தியம், அக்கம்பக்கத்தார் சொல்லும் அனுதாபம், அண்ணனுடைய வருங்காலம், எல்லாம்.

ஒருநாள் அம்மா முடிவாகச் சொன்னாள்: "நான் இன்னும் எத்தன நாளைக்குத் தூக்கிப் புரட்டுவேன்? என் இடுப்பும் மனுச இடுப்புதான். அவ அப்பன் வீட்டுக்குத் தகவல் சொல்லு. பிள்ள இங்கன இருக்கட்டும், நாம வளத்துக்கிடுவோம்."

பிள்ளை என்றது மதினியின் மகளை. அப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து மதினியின் அப்பா வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார். இதில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். அம்மா உண்மையிலேயே களைத்துப்போயிருந்தாள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னாலேயே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். மதினியின் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது தன் அம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் போவாள். அப்போது மட்டும் மதினியின் வலது கட்டைவிரல் கொஞ்சம் உள்பக்கமாக மடங்கும். கூடவே நடுங்கும். டாக்டர் சொல்லும் 'தானாக வரும் அசைவு' அதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. ஒரு விரல் அசைந்தால் ஒரு ஸ்விட்ச் போதும். ஒரு ஸ்விட்ச் இருந்தால் எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

ஒரு பிளைவுட் பலகையில் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை எழுத்து எழுதினேன். முதல் இரண்டு வரிசையில் அகரம் தொடங்கி உயிரெழுத்துகள். மற்ற மூன்றில் மெய்யெழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. போர்டு முதலில் வரிசை வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டே போகும். வேண்டிய வரிசை எரியும்போது ஸ்விட்சை அழுத்தினால், அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக எரியும். வேண்டிய எழுத்தில் மறுபடி அழுத்தினால் 'பீப்' என்று ஒலித்து அந்த விளக்கு கொஞ்ச நேரம் நின்று எரியும், பிறகு மறுபடி முதல் வரிசையிலிருந்து ஓடும். நான் அழுத்திப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. என் பெயரை எழுதினேன். ஊர்ப் பெயரை எழுதினேன்.

வெள்ளிக்குச் சில நாள் முன்பு, அண்ணனையும் அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மதினியின் கட்டைவிரலுக்கடியில் ஸ்விட்சை வைத்துக் கட்டினேன். எப்படி அழுத்த வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். விளக்குகள் ஓடின. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு 'பீப்'. தறிக்கூடத்துச் சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டேன். த். அடுத்து எ. அடுத்து ல்.

தெல்.

"தெல்லா? அப்படின்னா என்னலே?" என்றான் அண்ணன்.

எனக்கும் தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் தெல். மூன்றாவது முறையும் அதேதான். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்லே. புத்தி பேதலிச்ச பிள்ளையப் போட்டு ஏன் படுத்துத?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அண்ணன் தறிக்குத் திரும்பினான். நல்லது செய்யப்போய் மதினிக்கு எதிராக நானே சாட்சி தயார் செய்துவிட்டதுபோல் இருந்தது.

பலகையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தேன். ரிப்பேர்க்காரன் புத்தி எனக்கு ஒன்றைச் சொன்னது. ஒரு கோளாறு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். புத்தி கலங்கியவர் மூன்று முறையும் ஒரே எழுத்துகளை எப்படி அழுத்துவார்? பலகையை மறுபடி பார்த்தேன். த், எ, ல் மூன்றுமே அந்தந்த வரிசையின் முதல் எழுத்துகள்.

அப்போதுதான் புரிந்தது. நான் அழுத்தும்போது விரல் பட்டென்று பட்டு நிற்கிறது. மதினியின் விரல் நடுங்குகிறது. அவருக்கு அது ஒரு அழுத்தல். போர்டுக்கோ நாலைந்து அழுத்தல். முதல் தொடுகையில் வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது. அடுத்த நடுக்கத்தில், எழுத்து நகர்வதற்குள்ளேயே, முதல் எழுத்தை எடுத்துக்கொள்கிறது. என் விரலை வேண்டுமென்றே நடுங்கவைத்து அழுத்திப் பார்த்தேன். அதேபோல முதல் எழுத்தாகவே வந்தது. மதினி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எந்த வார்த்தை என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு வார்த்தையை மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

நடுக்கத்தை வடிகட்ட ஸ்விட்சுக்குக் குறுக்கே கண்டன்சர் என்ற சின்ன உதிரிப்பாகம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்த நீண்ட நடுக்கத்துக்கு அது போதவில்லை. புரோகிராமைத்தான் மாற்ற வேண்டும். ஒருமுறை அழுத்தினால் விரல் முழுக்க ஓயும் வரை மற்றதைக் கணக்கில் எடுக்காதே என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் அதை எதில் பதிப்பது?

அந்தக் காலத்தில் புரோகிராமை ஈப்ராம் என்ற சிப்பில் பதிப்போம். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். பழையதை அழிக்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வழியே புற ஊதாக் கதிர் பட வேண்டும். பதிக்கிற கருவியை நானே கட்டி வைத்திருந்தேன். அழிக்கிற விளக்கு என்னிடம் இல்லை. மொட்டை மாடியில் வாரக்கணக்கில் வெயிலில் போட்டுத்தான் அழிப்பேன். அப்போதோ ஐப்பசி அடைமழை. மதுரைக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். புது சிப் கையிருப்பில் இல்லை, மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணன் மகள் பிறந்தபோது எங்கள் ஊர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காத்திருந்தோம். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேல் கண்ணாடியில் ஊதா வெளிச்சம் தெரிந்தது. கிருமி சாவதற்காக ஆள் இல்லாதபோது போட்டு வைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வேண்டியதும் அதே கதிர்தான்.

மறுநாள் மதியம் அங்கே போனேன். டாக்டர் வெளியூர் போயிருந்தார். தியேட்டர் பொறுப்பு ஒரு மூத்த நர்ஸம்மாவிடம் இருந்தது. கடையநல்லூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். சிப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் கால்களோடு இருந்த அதை அவர் தொடவே இல்லை.

"தம்பி, செருப்பக் கூட உள்ள விட மாட்டோம். இந்தப் பூச்சியக் கொண்டுபோயி தியேட்டருக்குள்ள வைக்கச் சொல்லுதீங்களே!"

நான் விஷயத்தைச் சொன்னேன். மதினியைப் பற்றி, தெல்லைப் பற்றி, வெள்ளிக்கிழமை வரப்போகிற காரைப் பற்றி. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு தடவையும் அதேதானா?"

"ஆமாம்மா."

"குடுங்க" என்று கை நீட்டினார்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைக் கால் காலாகத் துடைத்தார். ஒரு ஸ்டீல் தட்டில், ஜன்னல் மேலே பார்க்கும்படி வைத்தார். தியேட்டருக்குள் கொண்டுபோய், விளக்குக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு வைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போட்டார். கண்ணுக்குக் கெடுதல் என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். அரைமணி நேரம் போதும் என்றேன். "நல்லா ஒரு மணி நேரம் கெடக்கட்டும். பாதி செத்த கிருமி முழுசா இருக்க கிருமிய விட மோசம்" என்றார். அவருடைய டியூட்டி அதற்குள் முடிந்துவிட்டது. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டுப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தார். சிப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சுன்னு எனக்கு வந்து சொல்லணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சிப் சுத்தமாக அழிந்திருந்தது. புதுப் புரோகிராமைப் பதித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா மதினியின் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பலகையைக் கட்டில் அருகே நிறுத்தி ஸ்விட்சைக் கட்டினேன். "கோளாறு உங்ககிட்ட இல்ல மதினி, என்கிட்டதான். இப்ப சரி பண்ணிட்டேன்" என்றேன். விளக்குகள் ஓடத் தொடங்கின. விரல் மடங்கியது, நடுங்கியது, ஓய்ந்தது. போர்டு பொறுமையாகக் காத்திருந்தது. ப். பிறகு ஏ. பிறகு ன். த், எ, ல் இருந்த அதே வரிசைகள்.

பேன்.

எனக்கு ஒரே சந்தோஷம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. குளிர்கிறது போலிருக்கிறது என்று ஓடிப்போய் நிறுத்தினேன். விளக்குகள் மறுபடி ஓடின. மறுபடியும் விரல் மடங்கியது. ப். ஏ. ன்.

"என்னலே சொல்லுதா?" என்றாள் அம்மா. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஃபேனுங்கிறாங்கம்மா. நான்தான் நிறுத்திட்டேனே..."

அம்மாவின் காதில் அது வேறாக விழுந்தது. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மதினிக்கு நீளமான, அடர்ந்த முடி. தலைக்குத் தண்ணீர் விட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டு வைத்திருந்தாள். இப்போது அதை அவிழ்த்தாள். வகிடு எடுத்துப் பார்த்தாள். காதோரம், பிடரி, எங்கும் பேன். கடித்துக் கடித்துப் புண்ணாகிக் கிடந்தது தோல்.

"ஐயோ, என் தாயி" என்றாள் அம்மா. "சொறியக்கூட முடியாம கெடந்திருக்கியே."

மாதக்கணக்காக அசைய முடியாத ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் இன்றைக்கும் யோசித்து முடிக்க முடியவில்லை. அம்மா அழுதுகொண்டே வெந்நீர் போட ஓடினாள். கட்டிலின் தலைமாட்டில் பேசின் வைத்து, சீயக்காய் போட்டு அலசி, பேன் சீப்பால் வாரத் தொடங்கினாள். நான் தறிக்கூடத்துக்குப் போய் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவன் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். பலகை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மதினி அடுத்ததைச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தரையில் எழுத, அண்ணன் குனிந்து படித்தான்.

எல்லாம் கேக்கு.

அண்ணன் அந்த எழுத்துகளைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் அத்தனை மாதமாக எதையெல்லாம் உரக்கப் பேசினோம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது. மதினியின் அப்பா உள்ளே வந்தார். ஈரத் தலையோடு கிடந்த மகளையும், பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் சம்பந்தியம்மாவையும் பார்த்துப் பயந்துபோனார். அண்ணன் எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போனான்.

"உங்கப்பா வந்திருக்காவ. போறியா?"

விழுந்த நாளிலிருந்து மதினியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். விளக்குகள் ஓடின. வந்த பதில்: நீ சொல்லு.

புருஷனை மதினி 'நீ' என்று சொன்னதும் அதுதான் முதல்முறை. ஒவ்வொரு எழுத்துக்கும் அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்போது மரியாதைக்கு எங்கே இடம்? பின்னால் எங்கள் எல்லோரையுமே வா, போ என்றுதான் சொன்னார். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினான்.

"மாமா, வண்டிய அனுப்பிருங்க. நீங்க இருந்து சாப்பிட்டுட்டு பஸ்ஸுல போவலாம்."

மதினியைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு அம்மாளை வேலைக்கு வைத்தோம். மதினி அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்களோடு இருந்தார். மகளுக்கு வாய்ப்பாடு கேட்டார், குழம்பில் புளி கூடிவிட்டது என்று வாசனையை வைத்தே அம்மாவைக் குறை சொன்னார். ஒரு காய்ச்சலில் போனார்.

அந்த நர்ஸம்மாவைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். பேன் என்றதும் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நாங்களும் வார்டுல அப்படித்தான் தம்பி, கட்டிலச் சுத்தி நின்னு எல்லாத்தையும் பேசுதோம்" என்றார்.

பிற்பாடு எத்தனையோ போர்டுகள் கட்டிவிட்டேன், எத்தனையோ கோளாறுகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பேச்சில்லாமல் படுத்திருக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், சுற்றி நிற்பவர்களிடம் விசாரிப்பதற்கு முன்னால், குனிந்து அவரிடமே நான் இன்னார் வந்திருக்கிறேன் என்று சொல்லி, எங்காவது அரிக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். பதில் வராமல் இருப்பதற்கு அவர் மட்டுமே காரணம் என்று அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.