அடுத்த லேப்டாப்புக்குக் காத்திருந்த மயில்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருவர் உபைதுல்லா. நாற்பத்தாறு வயது. வேலையில் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கம்பி மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற பிள்ளை, சங்குச் சக்கரப் பெட்டியில் சுற்றுகிற தீ வட்டம், பாம்பு மாத்திரைப் பெட்டியில் படமெடுத்த நாகம், இப்படி இருபது வருஷத்தில் அவர் கை போட்ட படத்துக்குக் கணக்கில்லை.

எல்லாம் உள்ளங்கை அகலப் படங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருக் கூட்டுகிறவர்கள் தாளோடு தாளாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. ஆனால் கிஃப்ட் பாக்ஸ் மூடி என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு ஜாதி. உள்ளே இருக்கிற பட்டாசு தீர்ந்துபோனாலும் மூடியை யாரும் எறிய மாட்டார்கள். ரேஷன் கார்டு போட்டு வைப்பார்கள், பிள்ளையின் வளையலைப் போட்டு வைப்பார்கள். பீரோ மேலே அது பாட்டுக்கு ஏழெட்டு வருஷம் கிடக்கும். அந்த மாதிரி ஒரு மூடியில் தன் படம் வர வேண்டும் என்பதுதான் உபைதுல்லாவின் ஆசை. வீடு வேண்டும், நகை வேண்டும் என்று அவர் ஏங்கியது கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்து அவர் மனைவி ருக்சானா ஏங்கிக்கொண்டாள்.

அவருடைய லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்கிப் பதினோரு வருஷம். எழுத்துப் பொத்தானில் இரண்டு உதிர்ந்துவிட்டன. அந்த இடத்தைத் தீக்குச்சி முனையால் குத்துவார். சூடு இறங்கட்டும் என்று அடியில் நான்கு தீப்பெட்டி முட்டுக்கொடுத்திருந்தார். கொஞ்சம் பெரிய படமாக இருந்தால் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்துவிடும். திறக்கச் சொல்லிவிட்டு அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்வந்தால் பாதிப் படம் திறந்திருக்கும்.

"வேற மாத்திருங்களேன்" என்று ருக்சானா ஏழு வருஷமாகச் சொல்கிறாள்.

"அடுத்தது வரட்டும் புள்ள" என்று அவரும் ஏழு வருஷமாகச் சொல்கிறார்.

ஏன் அப்படி என்றால், அவர் பிறந்து வளர்ந்த ஊரின் புத்தி அது. இங்கே ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டுத்தான் புதுச் சரக்கு வெளியே வரும். அதற்கு முன்னால் கடையில் கிடப்பது போன வருஷத்து மிச்சம். விவரம் தெரிந்தவன் தொட மாட்டான். பத்த வைத்தால் புஸ்ஸென்று போகும். லேப்டாப் கடைக்கும் இதே சட்டம்தான் என்று உபைதுல்லா உறுதியாக நம்பினார். புதுசு வரப்போகிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், கடையில் இருப்பதெல்லாம் அவருக்குப் பழைய மிச்சமாகிவிடும். அந்தப் புதுசு வருவதற்குள் அதைவிடப் புதுசைப் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

"அது என்ன வெடியா, நமத்துப் போறதுக்கு?" என்பாள் ருக்சானா.

"எல்லாச் சரக்கும் சரக்குதான். புது லோடு வர்ற நேரத்துலதான் பழசை நம்ம தலையில கட்டப் பாப்பாக."

போன சித்திரையில் ஒரு நாள், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற பொன்னுத்தங்கம், உபைதுல்லாவின் மாடி ஆபீசுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஆர்டர் குடுக்க வர்றவுகளக் கொல்லணும்னே மாடியில வச்சிருக்கீகளா பாய்?"

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். இந்த வருஷம் கிஃப்ட் பாக்ஸ் மூடிய நீங்க போடுங்க. பெரிய பெட்டி."

உபைதுல்லா தீக்குச்சியைக் கீழே வைத்தார். "நெசமாவாக்கா?"

"பொய் சொல்லவா இம்புட்டுப் படி ஏறி வந்தேன்? ஆடிப் பதினெட்டுக்குப் பெட்டி வெளிய வரணும். பிரஸ்காரவுகளுக்கு ஒரு மாசம் வேணும். ஆனி பத்துக்குள்ள படம் என் கைக்கு வந்துரட்டும். என்ன?"

அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. மயில் போடுவது என்று முடிவு செய்தார். மூடி முழுக்கத் தோகை விரிய வேண்டும். தோகையில் இருக்கிற ஒவ்வொரு கண்ணும் வானத்தில் பூத்த ஒரு வாணமாக இருக்க வேண்டும். ஒன்று பச்சை, ஒன்று தங்கம், ஒன்று பாதி வெடித்தது, ஒன்று அணையப்போவது. நூற்றுச் சொச்சம் கண்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது.

பழைய லேப்டாப் பன்னிரண்டாவது கண்ணிலேயே நின்றுவிட்டது. சரி என்று மயிலை ஒன்பது துண்டாக்கினார். தலை ஒரு துண்டு, இடது தோகை ஒரு துண்டு என்று தனித்தனியாக வரைந்தார். முழு மயிலை அவரே பார்க்கவில்லை. கண்ணை மூடி மனசுக்குள் ஒட்டிப் பார்த்துக்கொள்வதுதான்.

ஐந்து துண்டு முடிந்திருந்தபோது ருக்சானா பிடித்துத் தள்ளாத குறையாக அவரை விருதுநகருக்கு பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே லேப்டாப் கடை வைத்திருக்கும் முனியராஜ் அவருக்கு ஏழு வருஷப் பழக்கம். ஏழு வருஷமும் விலை கேட்டுவிட்டு மட்டும் வருகிற பழக்கம்.

"வாங்க பாய். இந்த வருஷமும் பாத்துட்டுப் போக வந்தீகளா?"

"படம் ஒண்ணு இருக்கு. தொறக்குதான்னு பாக்கணும்."

முனியராஜ் மேசையில் இருந்த ஒன்றைத் திருப்பி வைத்தான். உபைதுல்லா பென் டிரைவைச் செருகி, ஐந்து துண்டையும் சேர்த்தார். கண் சிமிட்டுகிற நேரம்தான். சத்தமில்லை, இரைச்சல் இல்லை. பாதி மயில் திரை நிறைய வந்து நின்றது. அவர் அதைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், இடதுபக்கம் தள்ளினார். கை போன இடமெல்லாம் மயிலும் கூடவே போயிற்று. இடது தோகையில் ஒரு தங்கக் கண் கொஞ்சம் மேலே ஏறியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதை இறக்கி வைத்தார். மயில் மூச்சு விடுவது மாதிரி இருந்தது. கடையில் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் அசையவில்லை.

"உங்க வேலைக்கு இதுவே ரொம்ப ஜாஸ்தி பாய். எடுத்துட்டுப் போங்க" என்றான் முனியராஜ்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். அவன் நேர்மையான ஆள், அதுதான் கேடாகப் போயிற்று. "ஆனி பொறந்ததும் இதுலயே அடுத்தது வருது. சொல்லாம விட்டா நாளைக்கு என்னைத் திட்டுவீக" என்றும் சேர்த்துச் சொன்னான்.

உபைதுல்லா மேசையில் இருந்ததைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, ஆடிக்கு முன்னால் படம் வெளியே தெரிந்தால் வேறு நான்கு கம்பெனிப் பெட்டியில் காப்பி வந்துவிடும் என்கிற ஊர் வழக்கப்படி, மயிலை அதிலிருந்து துடைத்து அழித்தார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டார்.

"ஆனிதான? இந்தா வந்துரும். வரட்டும்."

வெறுங்கையோடு வந்தவரை ருக்சானா ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம்தான் பேசிற்று.

ஆனி பிறந்தது. "கப்பல்ல இருக்காம் பாய்" என்றான் முனியராஜ். ஒன்பது துண்டும் முடிந்து ஒட்டுவதற்குக் காத்திருந்தன. ஆனி பத்தும் வந்தது. பொன்னுத்தங்கம் போன் போட்டார்.

"பாய், மயிலு என்ன முட்டையில உக்காந்துருக்கா?"

"ஒரே ஒரு வாரம்க்கா. முடிஞ்சிருச்சு, ஒட்டணும், அம்புட்டுத்தான்."

"முனியராஜ் கடையில போயி அந்த லேப்டாப்லயே ஒட்டிட்டு வாங்களேன்" என்றாள் ருக்சானா.

"வாங்காம அவன் கடையில ஓசியில உக்காந்து வேலை பாக்கவா? என்னால ஆகாது. வெள்ளிக்கிழம வந்துருமாம்."

வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. உபைதுல்லா சும்மா இருக்க முடியாமல் துண்டு துண்டாகத் திறந்து, ஒவ்வொரு வாணத்துக்கும் இன்னொரு தீப்பொறி வைத்துக்கொண்டிருந்தார். ஆனி இருபத்தாறில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை பொன்னுத்தங்கத்தின் குரலில் கேலி இல்லை.

"பாய், கோவிச்சுக்கிடாதீக. பிரஸ்காரவுக கத்துறாக. போன வருஷ மூடியவே அடிக்கச் சொல்லிட்டேன்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பாய், இருக்கீகளா? ஒரு உதவி. அந்த மூடிக்கு மூலையில ஒரு நட்சத்திரம் போட்டு, அதுக்குள்ள 'புதுசு'ன்னு எழுதிக் குடுங்க. பழசுன்னு தெரியக் கூடாது பாருங்க. இன்னைக்கே வேணும்."

"சரிக்கா" என்றார். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "அடுத்த வருசம் மூடி?"

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பாப்போம் பாய்."

நட்சத்திரம் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய லேப்டாப் முனகாமல் திறந்து, முனகாமல் முடித்துக் கொடுத்தது. மஞ்சள் நட்சத்திரம், சிவப்பு எழுத்து. அதை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே சொன்னார். "துப்பட்டியப் போடு புள்ள. விருதுநகர் போவோம்."

முனியராஜ் அவரைப் பார்த்ததும் பதறிப்போனான். "பாய், சத்தியமா அடுத்த வாரம் வந்துரும். இம்புட்டு நாள் பொறுத்துட்டீக, இன்னும் ஒரு வாரம்..."

"அன்னைக்குப் பாத்தது இருக்கா?"

"இருக்கு."

"அதைக் குடு."

கடையிலேயே ஒன்பது துண்டையும் ஒட்டினார். ஒரு கண்ணும் தப்பவில்லை, ஒரு இறகும் விலகவில்லை. ருக்சானா குனிந்து பார்த்தாள். கழுத்து நீலத்திலிருந்து தோகை ஓரம் வரைக்கும் அவள் பார்வை போய்த் திரும்பி வந்தது. அவர் மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

"இம்புட்டு அழகாவா போட்டு வச்சிருந்தீக?" என்றாள்.

பஸ்ஸில் அவர் புது லேப்டாப்பின் அட்டைப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மயிலைத் திறந்தார். உடனே வந்தது. மூடிவிட்டுத் திறந்தார். உடனே வந்தது. நாலாவது தடவை, ஐந்தாவது தடவை. இருபது வருஷம் காத்திருந்த படம் ஒரு நொடியில் வந்து நிற்கிறது, அது போய் ஒட்ட ஒரு பெட்டி இல்லை.

"சோறு ஆறுது" என்று ருக்சானா கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதும் அவர் திரும்பவில்லை. அடுத்த மூடிக்கு ஆர்டர் வரும் சித்திரைக்கு எத்தனை மாசம் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வந்தது.