சல்மாக்கா மூடி வைத்த வாளி

வியாழக்கிழமை காலை பிடோக்கில் நம் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் சல்மாக்கா பெயர் வந்தது. வழக்கம்போல ஏதோ செடியின் வேரைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். அவர் மகள் எழுதியிருந்தாள்: "உம்மா விடிகாலையில மௌத்தாயிட்டாங்க."

மூன்றாம் நாள் அதே மின்தூக்கியில் ஒருவர் இன்னொருவரிடம், "செடிக்கு ஊத்துற அந்த பாக்டீரியாவைத் தொட்டுத் தொட்டுத்தான்லா போயிட்டாங்க" என்றார். மறுநாள் கத்தரிப் பாத்திகளைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மண்ணை அள்ளிவிட்டு சிமெண்ட் போடலாமா என்று பேசுகிறீர்களாம். அக்காவின் நினைவுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி இதை எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. செடி நோய்களை ஆராயும் ஒரு கூடத்தில் பல வருடம் கண்ணாடிப் பாட்டில் கழுவியவர். அங்கே பேசுவதைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டார். நம் கத்தரி மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தபோது நாமெல்லாம் வெயில் என்றோம். அக்கா ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். மேலே இலை பச்சை. கீழே வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, இஞ்சி மாதிரி வீங்கியிருந்தது. "நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. உள்ள உக்காந்து சாப்பிடுது" என்றார்.

அதற்குத்தான் அக்கா தண்ணீரில் கலந்து ஊற்றும் அந்த பாக்டீரியாப் பவுடர். பாக்டீரியா என்றதும் நான் பின்னால் நகர்ந்தேன். "உன் வீட்டுத் தோசை மாவைப் பொங்க வைக்கிறது யாருன்னு நெனச்சே? அதுவும் இதுக்குச் சொந்தக்காரந்தான்" என்று சிரித்தார். இது வேரைச் சுற்றிக் குடியேறிவிட்டால் புழு உள்ளே நுழையத் திணறும். ஆனால் அடியோடு ஒழியாது, குறித்த நாள் தவறாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

போன வருடம் பாதிச் செடி செத்தது. பவுடர் ஏமாற்று வேலை என்று புளோக்குக்குக் கீழே இதே வாய்ட் டெக்கில் அவரை நிற்க வைத்துக் கேட்டீர்கள்.

செத்ததற்குக் காரணம் நான்.

அக்கா மழைத் தண்ணீரில் பவுடரும் வெல்லமும் கலந்து வாளியை மூடி வைத்திருந்தார். அன்று கொசு சோதனைக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் துப்புரவுக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? ப்ளீச்சை ஊற்றி மறுபடி மூடிவிட்டேன். மறுநாள் அக்கா தோ பாயோவில் மகள் வீட்டில் இருந்தார். போன் செய்து அந்த வாளித் தண்ணீரை என்னைச் செடிகளுக்கு ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். பாக்டீரியா வாளியிலேயே செத்திருந்தது. புழு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

நீங்கள் அவரைத் திட்டிய அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தேக்கா போகும் பேருந்தில் அவரிடம் சொன்னேன். அவர், "புழுவுக்கு நல்லா விருந்து வச்சிருக்கே, போ" என்றார். நான் அழுதேன். "யார்கிட்டயும் சொல்லாதே. என்னை ரெண்டு வாரம் திட்டுவாங்க, மறந்துருவாங்க. உன்னைன்னா கான்ட்ராக்டருக்குப் போன் போகும். வேலை போயிரும்" என்றார். சாகும்வரை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அவரைப் பாக்டீரியா கொல்லவில்லை. இருதயத்தில் அடைப்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அவர் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

நாடா கட்டிப் பத்து நாள் ஆகிறது. ஊற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது. நேற்று மத்தியானம் மூன்று கத்தரி தலை தொங்கியிருந்தது. இன்று காலை போய்ப் பார்த்தேன், அவை நிமிரவே இல்லை. பக்கத்துப் பாத்தியில் வெண்டை பச்சையாக நிற்கிறது. அந்தப் பச்சையை நம்பாதீர்கள், கீழே வேரில் என்ன இருக்கிறதோ.

அக்கா எனக்காக மறைத்ததைச் சொல்லிவிட்டேன். கான்ட்ராக்டரின் எண் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கிறது. இனி அவருடையது என்று என்னிடம் இருப்பது அவர் மகள் கொடுத்த ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அது இல்லாமல் அவர் ஒரு நாளும் மண்ணைத் தொட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு பாத்திக்குப் போவேன், அதுவரை எனக்கு இங்கே வேலை இருந்தால்.