ஊசி பச்சையில் நின்றது

கல்முனை ஆதம்பாவா மெக்கானிக்கிடம் எந்த இயந்திரம் பழுதாகி வந்தாலும் முதலில் அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பமாட்டார். ஓட்டி வந்தவனை எதிரே உட்காரவைத்து, "நீ என்னத்தக் கண்டாய்? கண்டத மட்டும் செல்லு" என்பார். அவன் சொல்வதைக் கொப்பியில் எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுப்பார். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். பெரிய நீதவான் வந்துவிட்டார் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசியவர்களும் உண்டு. எழுபத்தொன்பதில் நடந்தது தெரிந்திருந்தால் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

சூறாவளி அடித்து ஓய்ந்த மறு வருடம் அது. உடைந்த வாய்க்கால் கட்டுகளையெல்லாம் திருப்பிக் கட்டுவதற்குப் புல்டோசர்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனையில் ஆதம்பாவாதான் தலைமை மெக்கானிக். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவார்கள். ஓர் எஞ்சினைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. அதனால் அவருக்குத் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று நான் எழுதினால் அது பொய்.

ஒருநாள் உச்சி வெயிலில், சொறிக்கல்முனைப் பக்கம் மண் தள்ளிக்கொண்டிருந்த புல்டோசர் ஒன்று குலுங்கி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பிஸ்டன்கள் வெந்து இறுகிக் கிடந்தன. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியிலிருந்த ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. சூட்டில்தான் குழாய் கிழிந்தது என்று ஆதம்பாவா முடிவு கட்டினார். இவ்வளவு சூடேறும்வரை சாரதி என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அவனுக்கு முன்னால் வெப்பம் காட்டும் மீற்றர் இருக்கிறது. ஊசி பச்சையில் நின்றால் பயமில்லை, சிவப்புக்குப் போனால் உடனே நிறுத்த வேண்டும்.

சாரதி காரைதீவு இராசதுரை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பொடியன்.

"ஊசி பச்சையிலதான் நிண்ட காக்கா" என்றான். "கடைசி மட்டும் பச்சையிலதான் நிண்ட."

மீற்றர் பொய் சொல்லியிருந்தால் அவன் தப்பினான். ஆதம்பாவா எஞ்சினின் தலையிலிருந்து சென்சரைக் கழற்றினார். விரல் நீளப் பித்தளைச் சாமான் அது. தண்ணீரின் சூட்டை அறிந்து மீற்றருக்குச் சொல்வது அதன் வேலை. கம்பியில் மாட்டி, எல்லார் முன்னாலும் கொதிநீரில் தொங்கவிட்டார். ஊசி நேரே சிவப்புக்கு ஏறியது.

"சாமானில பிழையில்ல" என்றார். "பார்க்காம இருந்தவனிலதான் பிழை."

இராசதுரை முன்னால் வந்தான். "அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுறன் காக்கா, நான் பார்த்தனான்."

"கற்பூரத்துக்கு எஞ்சின் தெரியுமாடா?" என்று கேட்டார் ஆதம்பாவா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதே சூட்டோடு, பிழை சாரதியுடையது என்று மேலதிகாரியின் கந்தோருக்கு அறிக்கையும் எழுதிக் கொடுத்தார்.

இராசதுரை சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமை, ஊர் பார்த்திருக்க, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். கந்தோருக்கு அதெல்லாம் கணக்கில்லை. அறிக்கைதான் கணக்கு. வேலை போய்விட்டது. எஞ்சினை எரித்தவன் என்று பெயர் விழுந்தபின் ஒரு டிராக்டரைக்கூட அவனை நம்பி யாரும் கொடுக்கவில்லை. கூலிக்கு வயல் வெட்டப் போனான்.

ஒரு வருடம் கழிந்தது. வேறொரு புல்டோசரின் சென்சரைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஆதம்பாவா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானைக்குள் அதைத் தொங்கவிட்டு, பற்றரியும் மீற்றரும் மாட்டினார். ஊசி சிவப்பில் நின்றது. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கேட்டு, பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு எரிகிறது, பானை அடுப்பில் இருக்கிறது, ஊசி மட்டும் பச்சையில் கிடக்கிறது.

"ஆருகா இதக் கழட்டின?" என்று மனைவி ஸாலிஹாமேல் பாய்ந்தார்.

"ஒங்கட சாமான நான் தொடல்ல" என்றாள் அவள். "தேத்தண்ணிக்குத் தண்ணியத்தான் ஊத்தி எடுத்த."

ஆதம்பாவா பானைக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் பானையில் சென்சர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தன்னைத் தொடும் தண்ணீரின் சூடுதான் அதற்குத் தெரியும். தண்ணீரே இல்லாமல் போனால் எஞ்சின் எரிந்தாலும் அதற்குத் தெரியாது. அன்று இராசதுரையின் புல்டோசரில் சூடேறுவதற்கு முன்பே குழாய் கிழிந்திருக்கிறது. தண்ணீர் ஒரேயடியாக இறங்கியிருக்கிறது, புழுதிக்குள் எவன் கண்ணிலும் பட்டிருக்காது. மீற்றரிலும் பிழையில்லை, பார்த்தவனிலும் பிழையில்லை. பிழை தன் அறிக்கையில்தான். அவர் அடுப்படியிலேயே குந்திவிட்டார். ஸாலிஹா கொடுத்த தேநீர் அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் கந்தோரில், முடிந்த கதையைக் கிளறினால் உமக்குத்தான் கெட்ட பெயர் என்றார் மேலதிகாரி. ஆதம்பாவா அதே பானையை அங்கேயும் கொண்டுபோய் அவர் மேசைக்குப் பக்கத்தில் கொதிக்கவைத்துக் காட்டினார். பிழை என்னுடையது என்று எழுதி ஒப்பமிட்டார். இராசதுரையைத் திருப்பி எடுக்கும் கடிதம் வந்ததும், தபாலில் போட விடாமல் தானே வாங்கிக்கொண்டு காரைதீவுக்குச் சைக்கிள் மிதித்தார்.

இராசதுரை முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். மனைவி பூமணி கதவோரம் நின்றாள். ஆதம்பாவா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ கண்டது மெய் தம்பி. நான் எழுதினதுதான் பிழை. ஒன்ர சத்தியத்தையும் பார்த்துச் சிரிச்சுப் போட்டன். என்ன மன்னிச்சுக்க."

இராசதுரை கடிதத்தை வாங்கவில்லை.

"ஆதம்பாவாக் காக்கா பிழை விடமாட்டார் எண்டுதான் ஊரெல்லாம் கதை" என்றான். "கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டன். நான் ஊசியப் பார்க்கல்ல போல, பார்த்தது எண்டு நினைச்சுச் சத்தியம் பண்ணிட்டன் போல எண்டு. மறுகா மாசியில எங்கட பிள்ளை வயித்துக்குள்ளயே செத்துப் போச்சு. பொய்ச் சத்தியத்துக்குத்தான் அம்மன் எடுத்தவ எண்டு நான்தான் இவளுக்குச் சொன்னன்."

ஆதம்பாவா நீட்டிய கடிதத்தைத் தாழ்த்தினார். அதைத் திருத்த எந்தக் கந்தோரில் எழுதிக் கொடுப்பது? செய்துவிட்ட பாவத்தின் அளவு அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

பூமணி முற்றத்தில் இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க காக்கா. இவர் கண்டது மெய்யா?"

"மெய் தங்கச்சி. அல்லாஹ் மேல ஆணையா, இவர் கண்டது மெய்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?" என்றாள். "நம்மட பிள்ளை அதால போகல்ல."