சித்தப்பாவின் கார்ட்டூன் கம்பெனி

எங்கள் சித்தப்பா பட்டுச் சேலைக்கு டிசைன் வரைகிறவர். கட்டம் போட்ட தாளில் மயிலும் மாங்காயும் வரைந்து காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். ஒருநாள் அந்த மயில்களை நடக்கவிட வேண்டுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது. வாசலில் 'கார்ட்டூன் கம்பெனி' என்று பலகை மாட்டினார். கம்பெனியின் மொத்த ஆட்கள் அவரும் சித்தியும்தான். சித்திக்கு மை போடும் வேலை. மேற்பார்வை என்னுடையது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலை ஒரு பட்டுக்கடை விளம்பரம். சேலைக் கரையிலிருந்து ஓர் அன்னம் இறங்கி நடந்துவர வேண்டும். படம் நன்றாக வந்தால் தொடர்ந்து வேலை தருவதாகக் கடை முதலாளி சொல்லியிருந்தார். வராவிட்டால் பழையபடி கட்டத்தாள்தான். சித்தப்பா கட்டுக்கட்டாக அன்னங்களைப் பென்சிலில் வரைந்தார். தாளுக்குத் தாள் கால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அது எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை. சினிமாக் கொட்டகையில் பார்த்து எல்லோரும் அசந்துபோகட்டும் என்றிருந்தார். கடைசித் தாளை முடித்த கையோடு டைபாய்டு வந்து படுத்துவிட்டார்.

மை போட உட்கார்ந்த சித்தி திடுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி இது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல! காய்ச்சலோட வரைஞ்சிருக்காரு, கை நடுங்கிக்கீது பாவம்."

அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். சேலையில் ஒரு புட்டாப் பூ பிசகினாலும் முதலாளி திருப்பி எறிந்துவிடுவார் என்று பார்த்து வளர்ந்தவள். புருஷன் பேர் கெடலாமா? முதல் அன்னத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லா அன்னங்களின் கால்களையும் அழித்து அதேபோல் திருத்தி மை போட்டாள். அவ்வளவு பிரியமாக யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. தாள்கள் மதராசுக்குப் போயின. அங்கே படம் பிடித்து, ரீல் நேராகக் கொட்டகைக்கு வந்தது.

சித்தப்பா தேறி எழுந்ததும் எல்லோரும் பார்க்கப் போனோம். நாதஸ்வரம் ஒலித்தது. அன்னம் நின்றது. நாதஸ்வரம் வேகமெடுத்தது. அன்னம் நின்றுகொண்டே இருந்தது.

"ஆபரேட்டரு! படம் மாட்டிக்கினுகீது பாருப்பா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது.

சித்தி மட்டும் பூரித்துப்போய், "பாத்தீங்களா, ஒண்ணுகூட மாறல. நீங்க படுத்துக்கினு இருந்தப்ப நான்தான் எல்லாத்தையும் சரி பண்ணேன்" என்றாள். சித்தப்பா திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், படம் பார்க்க வந்திருந்த கடை முதலாளி, "எங்கப்பா கோளாறு?" என்று கேட்டார்.

"என் கைதாங்க. எனக்கு இது வரல" என்றார் சித்தப்பா.

சித்தி அவ்வளவு திருத்திக் கொடுத்தும் இவருக்கு வரவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீடு வரும்வரை அவரோடு பேசாமல், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.