மஞ்சளை நிறுத்தச் சொன்ன பிறகு

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் பைத்தியம் பிடித்தது கொரோனாவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் குழம்பில் பார்த்ததோடு சரி. ஃபேக்டரியில் அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள் சிலர் அந்த அலையில் போய்ச் சேர்ந்தார்கள். மனுஷன் பயந்துபோனார். பயம் என்று வாயால் சொல்லமாட்டார், வீம்பு. அதற்குப் பதில் வெந்நீரில் மஞ்சள் போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்.

காலையில் எழுந்ததும் வெந்நீரில் மஞ்சள், மிளகு, எலுமிச்சை. டீயில் இஞ்சியோடு ஒரு சிட்டிகை. மத்தியானம் மோரில். சாயங்காலம் வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சின பாலில். இந்த மராட்டி ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், போபோடி ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் பச்சை மஞ்சள் கிழங்கு வரும். பை நிறைய வாங்கி வந்து அவரே இடிப்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பால் நன்றாகத்தான் இருக்கும். தொண்டையில் இறங்கும்போதே இதமாக இருக்கும். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று குடிப்பார். போகிறவன் வருகிறவனை எல்லாம் கூப்பிட்டு, "பீகே தேக்கோ பாய்", குடித்துத்தான் பாரேன் என்று ஆளுக்கொரு வாய் ஊற்றுவார். மீசையெல்லாம் மஞ்சள். என் டம்ளர், கரித்துணி, சமையல் மேடை எதுவும் தப்பவில்லை. திட்டுவேன். அவர் சிரிப்பார். ரிட்டையர் ஆன மனுஷன், சாராயக் கடைக்குப் போகாமல் இதைத்தானே குடிக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பாட்டில் வரவழைத்துக் கொடுத்தாள். மஞ்சளின் சத்தை மட்டும் எடுத்து, மிளகுச் சத்தும் சேர்த்த சொட்டு மருந்து. சில சொட்டு போதும் என்று போட்டிருந்தது. இவருக்குச் சொட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்ப்பது என்று அர்த்தம். குடிக்கிற எல்லாவற்றிலும் அது விழுந்தது. காலியானதும் இன்னொன்று வந்தது, அதற்குப் பிறகும் வந்தது.

ஒரு நாள் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் ஓரம் மஞ்சளாக இருந்தது. "மஞ்சக் கையால கண்ணத் தேய்க்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று கத்தினேன். கழுவிக்கொண்டு வந்தார். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சோறு வேண்டாம் என்றார், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டிலைக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஈரல் வீங்கியிருக்கிறது, இந்தச் சத்து சில பேர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, உடனே நிறுத்துங்கள் என்றார். குழம்பில் போடுகிற சிட்டிகை யாரையும் ஒன்றும் செய்யாது, ஆனால் இவர் கைக்குச் சிட்டிகை தெரியாது, அதனால் கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே மஞ்சள் வேண்டாம் என்றார். மருந்து? மருந்தென்று எதுவும் இல்லையாம். நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அதில் காமாலை அளவு இறங்கினால் பிழைத்தோம். இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை, அப்புறம் ஈரல் மாற்றுகிற பேச்சு. இதை டாக்டர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் இவர் சொன்னது என்ன தெரியுமா? "இவனுக்கு இன்னா தெரியும்? மஞ்சள் போயி கெடுக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அஞ்சறைப்பெட்டி மஞ்சள், டப்பாவில் இருந்த சாம்பார்ப்பொடி, பிரிட்ஜில் இருந்த கிழங்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வாசலில் நின்று அழுதாள். "நான்தான்மா அந்த பாட்டில் மங்வாயி, நான்தான் வாங்கிக் குடுத்தேன். பப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று பாதியில் நிறுத்தினாள், அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை. "போய்ட்டு வா கண்ணு" என்றேன்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மா, இவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, மூடி போட்ட டம்ளரில் சுடச்சுடப் பால் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் நெய் மிதக்கிற மஞ்சள் பால். "நகோ, நகோ", வேண்டாம், வேண்டாம் என்று நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "கரம் தூதச் தர் ஆஹே, வஹினி" என்றார். வெறும் சூடான பால்தானே, அண்ணி என்று அர்த்தம். எங்கே போனாலும் மஞ்சள் துரத்துகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒன்றை மட்டும் என்னால் வெளியே அனுப்ப முடியவில்லை. சாமி மாடத்தில் குங்குமத்துக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் கிண்ணம். புருஷன் படுத்திருக்கிற வீட்டில் எந்தப் பொம்பளை அதைக் காலி செய்வாள்? என் கை வரவில்லை. அது சாமிக்குப் பூசுகிற மஞ்சள்தானே, அதை யார் குடிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையில் குளித்துவிட்டு, அந்த மஞ்சளைக் குழைத்து வெற்றிலையில் பிள்ளையார் பிடித்து வைத்தேன். தலையில் ஒரு அருகம்புல் செருகினேன். சூடம் காட்டிவிட்டு, வேண்டிக்கொண்டேனா மிரட்டினேனா எனக்கே தெரியாது. "இந்த வாட்டி எறங்கலன்னா ஒன் மூஞ்சில முழிக்கமாட்டேன் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் வெற்றிலை காலி. அருகம்புல்லை மட்டும் பத்திரமாக எடுத்து ஓரத்தில் வைத்திருந்தது. இவர் கட்டிலில் உட்கார்ந்து டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"புள்ளையாரு எங்க?"

"கரைச்சிட்டேன்."

"எதுல கரைச்சீங்க?"

"பூஜ முடிஞ்சா கரைக்கிறதுதான?"

"செடியில கரைப்பாங்க, தண்ணியில கரைப்பாங்க. வயித்துலயா கரைப்பாங்க?"

"சாமிதானடி உள்ள போயிருக்கு. சாமி கெட்டது பண்ணுமா?"

சிரிப்பதா அழுவதா? பூஜைக்கென்று விற்கிற மஞ்சளில் என்ன கண்றாவியைக் கலக்கிறார்களோ! டம்ளரைப் பிடுங்கி வீசினேன். அது சுவரில் பட்டு உருண்டது. கல்யாணமானதிலிருந்து மரியாதை குறைத்துப் பேசாதவள், அன்றைக்கு எல்லாம் போயிற்று. "ஒனக்கு வாழணுமா வேணாமா? சொல்லு! வேணாம்னா இப்பவே சொல்லிடு, நானும் ஒன்கூட வந்துடுறேன்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். எலும்புதான் கைக்கு அகப்பட்டது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அந்த டாக்டரு ஒரு மாத்திரையாச்சும் குடுத்தானா? சும்மா இரு, பாக்கலாம்னான். சும்மா எப்பிடி இருக்கறது? நாள் பூரா இந்தக் கட்டில்ல ஒக்காந்து கண்ணாடியில கண்ணப் பாத்துட்டே இருக்கேன். எதனா ஒண்ணு உள்ள போனாத்தான் பொழச்சுக்குவேன்னு தோணுது. பயமா இருக்குடி."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? சும்மா இருக்க முடியாமல்தானே நானும் அதே மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சாமி மாடத்துக் கிண்ணத்தைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தேன். உடம்பெல்லாம் கூசியது. கழுவி முடிக்கிற வரைக்கும் குழாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

ரத்தத்தில் இறங்கவில்லை. ஏறியிருந்தது. பிள்ளையார் கதையைக் கேட்டதும் டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரி என்றார். ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் இவர் டாக்டரைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் கேட்டார். வெறும் வெந்நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"துளி சக்கர போடட்டுமா?"

"வேணாம். நீ எத குடுக்கிறியோ அத குடிக்கிறேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் என் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்காத மனுஷன். கேளுங்க, கேளுங்க என்று தொண்டை கிழியக் கத்தினவள் நான். இப்போது கேட்கிறார். அந்த வீம்பு எங்கே போயிற்று? "அப்பிடிச் சொல்லாதீங்க. முடியாதுன்னு சொல்லுங்க, என்னத் திட்டுங்க, எதனா பேசுங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.